மேட்டில் சிக்னல் கிடைத்தது

கல்யாணம் ஆன மூன்றாவது வாரம் நாங்கள் அந்தமானுக்குப் போனோம். அவருடன் கம்பெனியில் வேலை செய்பவர்கள் சேர்ந்து கல்யாணப் பரிசாக ஏற்பாடு செய்த பயணம். சாலவாக்கம் பக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான் என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் அதிகம் பேசமாட்டார். எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும் என்று ஒருமுறை சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்து, கிளம்பும்போது சட்டைப்பையில் ஒரு எலுமிச்சம்பழம் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த ஒரு பழத்தை வைத்தே நான் ஒரு முழு வாழ்க்கையை யோசித்துவிட்டேன்.

கப்பலில் போய் ஒரு சின்னத் தீவில் இறங்கினோம். மறுநாள் தீவைச் சுற்றிக் காட்டுகிற வேன் வந்தது. எங்களோடு கோயம்புத்தூரிலிருந்து ஒரு வயதான தம்பதியும், பெங்களூர்க்காரப் பெண்கள் சிலரும். கைடு அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். "புது ஜோடி முன் சீட்டுக்கு வாங்க" என்று எங்களை முன்னால் உட்காரவைத்தான். பாக்குத் தோப்பில் இறக்கினான், வெள்ளை மணலில் இறக்கினான். இறங்கிய இடத்திலெல்லாம் எங்கள் இரண்டு பேர் கையையும் சேர்த்து இதயம் மாதிரி வைக்கச் சொல்லிப் படம் எடுத்தான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஒரு மேட்டில் ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் தீவின் இரண்டு பக்கக் கடலும் தெரியும். தீவுக்கு வந்ததிலிருந்து யாருக்கும் சிக்னல் இல்லை. மேட்டில் மட்டும் கிடைத்தது. அவருடைய போன் பையில் விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவர், மரங்களுக்குப் பின்னால் போய்விட்டார். மாமியாருக்கு பிரஷர் உண்டு. அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பின்னாலேயே ஓடினேன். இவர் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க ஆச்சு? வூட்ல யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"அவளுக்கு இன்னிக்கு கல்யாணம் ஆயிடுச்சு."

"யாருக்கு?"

"எங்க ஊரு காலனிப் பொண்ணு. காலேஜ்லேர்ந்து பழக்கம். எங்கப்பா கெணத்துல குதிச்சிடுவேன்னு போய் நின்னுக்கினாரு. என்னால ஒண்ணும் பண்ண முடியல." பிறகு என்னைப் பார்த்தார். "உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்புதான்."

எனக்குக் கத்தத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஒரு ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கிட்டே உட்கார்ந்து துப்பட்டாவால் அவர் முகத்தைத் துடைத்தேன்.

"அழுவாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

கைடு தேடிக்கொண்டு வந்துவிட்டான். "அக்கா, இங்கதான் போட்டோ சூப்பரா வரும்" என்றான். எழுந்து நின்றோம். அவர் என் தோளில் கை போட்டார்.

திரும்ப வேனில் ஏறியதும் கோயம்புத்தூர் அம்மா அவர் கண்ணைப் பார்த்துவிட்டார்.

"தம்பிக்கு வெயில் ஒத்துக்கல போல. மடியில சாஞ்சுக்கச் சொல்லு கண்ணு."

அவர் மறுக்கவில்லை. மறுத்துப் பேசுகிற தெம்பு அவரிடம் இல்லை. அப்படியே என் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணமாகி அன்றுதான் முதல்முறை. தள்ளவும் முடியவில்லை, தலையைக் கோதிவிடவும் முடியவில்லை. என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் டிரைவர் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் பெங்களூர்ப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

ஊருக்கு வந்தபின் அவர் என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையில் கறி வாங்கி வருவார், கோயிலுக்குக் கூட்டிப்போவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், ஆனால் அங்கே இருக்கமாட்டார். கூப்பிட்டால் எங்கிருந்தோ திரும்பி வந்து "இன்னா?" என்பார். ஒரு வருஷம் பார்த்தேன். பிறகு என் துணிமணிகளை எடுத்து வைத்தேன். அவர் தடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அடிச்சானா? குடிச்சானா? இன்னாத்துக்குடி வந்துட்ட?" அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். "ஆம்பளைங்க நாளானா எல்லாத்தையும் மறந்துடுவாங்க."

"அவரு மறக்கமாட்டாருமா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பையை வாங்கி உள்ளே வைத்தாள். அதன்பிறகு கேட்கவேயில்லை. கோர்ட்டில் இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிந்தோம்.

இப்போது உத்திரமேரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். போன மாதம் சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அவர் காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். இளைத்திருந்தார். அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"நல்லா கீறியா?"

"கீறேன். நீங்க?"

"ம். அம்மா எப்படி கீறாங்க?"

"முட்டி வலின்றாங்க. மத்தபடி நல்லா கீறாங்க."

என் டவுன் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஊர் எல்லை தாண்டுகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தேன், பிறகு முடியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா நடவு வேலை முடித்து வருகிறவர், புடவையில் சேறு காய்ந்திருந்தது. என் முழங்கையைத் தொட்டார்.

"இன்னாமா, யார்னா பூட்டாங்களா?"

யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அந்த அம்மா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார்.