ஒடீலியா கறுப்படித்த படகு

மாஸ் லாண்டிங் துறைமுகத்தில் ஒடீலியா ஃபுர்தாடோவைத் தெரியாதவர் கிடையாது. வயது ஐம்பத்தொன்பது. அப்பா மத்தி பிடித்தவர்; மகளோ கடலின் நிறத்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். அவளுடைய ஆளில்லாப் படகின் மூக்கில் இரண்டு சென்சார்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று வானத்தைப் பார்க்கும், ஒன்று தண்ணீரைப் பார்க்கும். தண்ணீர் எவ்வளவு பச்சை என்று சொல்லும். பச்சை கூடினால் பாசி கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

மேலே செயற்கைக்கோளும் அதே கடலைப் பார்த்து ஓர் எண் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அதற்கு, செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும் நேரத்தில் வானம் தெளிந்திருக்க வேண்டும். மான்டரே குடாவில், கோடையில், தெளிந்த வானமா! நல்ல கதைதான். மூன்று கோடைகளை மூடுபனியே விழுங்கிவிட்டது. இன்றோடு அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வு.

காலை பத்து மணிக்கு மூடுபனி சொல்லாமல் கொள்ளாமல் விலகியது. ஒடீலியா சின்னப் பெண்போலத் துள்ளினாள். படகு பன்னிரண்டு மைல் வெளியே நின்றது. செயற்கைக்கோள் வருவது ஒன்று இருபதுக்கு.

பன்னிரண்டரைக்கு வெண்டல் கத்தினான். கரையிலிருந்து படகை ஓட்டுகிறவன் அவன். ஒடீலியா சுட்டுக்கொண்டு வந்த இனிப்பு ரொட்டி வாய் நிறைய இருந்தது.

"ஒடீலியா, படகு சாயுது! பதினோரு டிகிரி! அஞ்சுக்கு மேல போனா அளவு செல்லாதுன்னீங்களே!"

படகிலிருந்த கேமராவைத் திருப்பித் திரையில் காட்டினான். படகின் இடது ஓரத்தில் ஒரு கடல் சிங்கம் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"இவளை யாருடா கூப்பிட்டது?"

"நீங்கதான்! வெள்ளைத் தளம் பளபளக்குது, சென்சாருக்குள்ள வெளிச்சம் புகுந்துடுதுன்னு போன வாரம் கறுப்பு பெயிண்ட் அடிச்சது யாரு? இப்ப அது வெயில்ல கதகதன்னு இருக்கு. மெத்தை விரிச்சுக் குடுத்திருக்கீங்க, தாயே!"

"போச்சு! என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன். படகைக் கொஞ்சம் உலுக்கி விடேன்டா."

"விரட்டினா சட்டப்படி குத்தம். கடைசி நாளும் அதுவுமா ஜெயிலுக்குப் போறீங்களா?"

"தெரியும்டா. ஆத்திரத்துல கேட்டுட்டேன்."

வேறு வழியில்லாமல் திரையிடம் கெஞ்சினாள். "எழுந்திரும்மா, ராசாத்தி. அந்தப் பக்கம் மத்தி வந்திருக்காம், போய்த் தின்னேன்!" ராசாத்தி வயிற்றைச் சொறிந்துகொண்டாள். வெண்டல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மூணு வருஷம்டா, வெண்டல்," என்றாள் ஒடீலியா. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஒன்று பதினைந்துக்குத் திரையில் தண்ணீர் சிதறியது.

"ஐயையோ, இன்னொண்ணு!"

இடது ஓரம் முழுக்க முதல் சீமாட்டி படுத்திருந்ததால், வந்தவள் வலது ஓரத்தில் ஏறினாள். படகு ஆடியது. ஒடீலியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எட்டு..." என்றான் வெண்டல். "அஞ்சு... ரெண்டு... ஒடீலியா, அரை டிகிரி! நேரா நிக்குது!"

"மூச்சு விடாதே! எழுந்துடப் போறாங்க!"

"பன்னிரண்டு மைல் தள்ளிப் படுத்திருக்காங்க!"

"இருந்தாலும் விடாதே!"

ஒன்று இருபது வந்தது, போனது. இரண்டு பேரும் அசையவே இல்லை. கரையில் இருந்த இரண்டு பேரும்தான்.

நாலு மணிக்குச் செயற்கைக்கோளின் எண் வந்தது. படகு சொன்ன பச்சைக்கும் அதற்கும் நூற்றில் மூன்று பங்குகூட வித்தியாசமில்லை. ஒடீலியா வெண்டலின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடியும் சிரித்தாள்.

பிறகு உட்கார்ந்து தன் கடைசி அறிக்கையை எழுதினாள். 'படகில் இருந்தவர்கள்' என்றொரு கட்டம் உண்டு. மூன்று வருஷமாக அதில் 'யாருமில்லை' என்றே நிரப்பிப் பழகிய கை, இன்று கொஞ்சம் நின்றது.

'இருவர்,' என்று எழுதினாள். 'இருவருக்கும் என் நன்றி.'