சோத்து வண்டியை நிறுத்தினது

பிள்ளைகளா, நீங்கள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், அப்பா மில்லில் என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டால் "சோத்து வண்டி" என்று சொல்லிவிட்டு வருவீர்கள். உங்கள் அம்மாவுக்கு அதில் ரொம்ப வருத்தம். "கிளார்க்குன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்பாள். நான் கிளார்க்தான். ஆனால் நீங்கள் சொன்னதும் பொய்யில்லை. அந்த வண்டியை ஆரம்பித்த அன்றைக்கும் நான் இருந்தேன், நிறுத்தின அன்றைக்கும் இருந்தேன். ஆரம்பித்த கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நிறுத்தின கதையைச் சொன்னதே இல்லை. அதற்குள் நான் எழுதின ஒரு பொய்க் கணக்கு இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் இருந்த எங்கள் நூல் மில்லுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து நிறையப் பேர் வந்தார்கள். விடியக்காலையில் பஸ். அப்போதே சோறு கட்டிக்கொண்டு வந்தால், மில்லுக்குள் இருக்கிற வெக்கைக்குப் பன்னிரண்டு மணிக்குள் புளித்துப்போகும். கேன்டீன் என்று பேர், டீயும் வடையும்தான். அதனால் தொழிலாளர் நலக் கமிட்டி ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே அடுக்கடுக்காகப் பலகைத் தட்டு அடித்து, வீட்டில் பத்தரை மணிக்கு வடித்த சோற்றை மத்தியானம் மில்லுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கேரியருக்கு நீல நூல், ராஜபாளையம் தெருக்களுக்குச் சிவப்பு நூல். எங்களிடம் நூலுக்கா பஞ்சம்? மூடியில் அவரவர் டோக்கன் நம்பரைப் பெயிண்டில் எழுதியிருக்கும். ஷெட்டில் இறக்கினதும் எண்ணி, ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை.

டிரைவர் ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வண்டியை எடுக்கும்போது ஸ்டியரிங்கைத் தட்டி "ரா, போதாம்", வா போகலாம், என்பார், மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி. அந்த வண்டியும் அவர் சொன்னால்தான் கிளம்பும் என்று எங்களுக்கெல்லாம் ஒரு நினைப்பு. வேனில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அடுத்தவர் கேரியரை யாரும் திறக்கக் கூடாது. சாய்ந்து குழம்பு ஒழுகினால்கூட மேலே துடைத்து வைப்போமே தவிர மூடியில் கை வைக்க மாட்டோம். ஒரு வீட்டில் இன்றைக்கு என்ன இருந்தது, என்ன இல்லை என்பது நமக்கு எதற்கு?

தொண்ணூறுகளில் எல்லாம் மாறியது. மில்லிலேயே பெரிய கேன்டீன் வந்தது, சோறு, சாம்பார், பொரியல். வயசுப் பையன்கள் மொபெட் வாங்கிவிட்டார்கள். கோன் செக்‌ஷனில் நூல் சுற்றப் பெண்களையும் எடுத்ததால், பத்தரை மணிக்கு உலை வைக்கப் பல வீடுகளில் ஆளில்லை. தட்டு கொள்ளாமல் வந்த வண்டி பாதி காலியாக ஆடிக்கொண்டு வந்தது. அந்த வேனை மில்லிலேயே நிறுத்தி வைத்தால் அவசர ஆஸ்பத்திரி வேலைக்கு ஆகுமே என்று கமிட்டியில் பேச்சு வந்தது. நியாயமான பேச்சுதான்.

"எப்ப நிறுத்தலாம், நீரே சொல்லும்" என்றார் கமிட்டிச் செயலாளர்.

"நாப்பதுக்குக் கீழ எறங்கினா நிறுத்திரலாம்யா" என்றேன்.

ஏன் நாற்பது? தட்டில் ஒரு வரிசைக்கு நாற்பது கேரியர் நிற்கும். வேறு காரணம் கிடையாது. கீழே இறங்குகிற அன்றைக்கே அவரிடம் சொல்ல வேண்டும், அந்த மாதத்தோடு வண்டி நின்றுவிடும் என்று முடிவாகி, போர்டிலும் ஒட்டினோம்.

அப்போது எனக்கு ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், என் வயசுதான். குடல்புண்ணுக்கு ஆபரேஷன் செய்தவர். மிளகாய் ஆகாது, குழைந்த சோறு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வீட்டம்மா குழைய வடித்து, மிளகாய் இல்லாமல் பருப்பும் புடலங்காயும் வைத்து அனுப்புவார்கள். கேன்டீன் சாம்பார் அவருக்கு விஷம். வண்டி நின்றால் அவர் வேலையை விட வேண்டியதுதான். ஸ்பின்னிங்கில் எல்லோருக்கும் இது தெரியும். அவர் மட்டும் அதைப் பற்றிப் பேச மாட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

போர்டில் ஒட்டின பிறகு ஒரு அதிசயம் நடந்தது. நாற்பத்து மூன்று, நாற்பத்து ஒன்று, நாற்பது, நாற்பத்து இரண்டு. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. கேன்டீன் வரிசையும் நீளுகிறது, கேரியரும் குறையவில்லை. நம்ம வண்டி இன்னும் ஓடும்போல என்று எனக்குச் சந்தோஷம். அவ்வளவுதான் என் புத்தி.

ஒருநாள் டிரைவருக்குக் கையில் சுளுக்கு. நானே ஏறி இறக்கினேன். மூணாவது கேரியரைத் தூக்கினதும் கை மேலே போய்விட்டது. கனமே இல்லை. அடுத்தது சரி. அதற்கடுத்தது பஞ்சு மாதிரி. இன்னொன்று தேவைக்கு மேல் கனம். வேண்டுமென்றே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பதிமூன்று கேரியரில் சோறு இல்லை.

அதில் ஒன்று கோன் செக்‌ஷனில் வேலை பார்க்கிற பெண்ணுடையது. எடுக்க வந்தபோது கேட்டேன்.

"உள்ள என்ன தாயி இருக்கு?"

"காத்து, அண்ணாச்சி."

பக்கத்தில் நின்றவள் முகத்தை மாற்றாமல் சொன்னாள். "சும்மா காத்து இல்ல. வில்லிபுத்தூர்க் காத்து. இப்பத்தான் எறக்கிச் சுடச்சுடக் கட்டினது."

"வெளையாடாதீங்க. அந்தக் கேரியர் மட்டும் ஏன் அம்புட்டுக் கனம்?"

"பக்கத்தில நிக்காளே, இவளோடது. அரைச் செங்கல் வச்சிருக்கா. ஏட்டி, அப்பவே சொன்னேன்லா, துணி போதும்னு. கேட்டியா?"

"கணக்குக் காட்ட அரசாங்க வேலையா பாக்கீய? எதுக்கு இந்தக் கூத்து?" என்றேன்.

முதல் பெண் சிரிப்பை நிறுத்தினாள். "நாப்பதுன்னு சொன்னது யாரு அண்ணாச்சி? நீங்கதான?" என்று கேட்டுவிட்டு, தாடையால் ஷெட்டின் மறுகோடியைக் காட்டினாள். அங்கே அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவிய வயித்துக்கு நாங்க என்ன வைத்தியமா பாக்க முடியும்? சட்டிதான் அனுப்ப முடியும்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நாளைக்கே வேலைய விட்டுட்டுப் போயிருவாவ."

இந்தப் பதிமூன்று பேரும் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டே, அவருக்காக வீட்டில் இருந்து வெறும் கேரியரை வண்டியில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் திறந்து பார்க்க மாட்டோம் என்கிற தைரியம். ஒரு மாதத்துக்கு மேல் நானும் வாயை மூடிக்கொண்டு நாற்பது, நாற்பத்து ஒன்று என்று எழுதினேன். பிறகு ஒரு முகூர்த்த நாளில் முப்பத்து எட்டுதான் வந்தது. ரெண்டு தடவை எண்ணினேன். பேனாவை எடுத்து நாற்பது என்று எழுதினேன். அதுவரை எழுதினது மற்றவர்கள் சொன்ன பொய். இது என் கையால் நானே சொன்னது.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. மெஷினில் ஒருவருக்கு விரல் மாட்டி, வேன் எங்கே என்று ஓடி வந்தார்கள். வேன் ஸ்ரீவில்லிபுத்தூரில் செங்கலும் காற்றும் ஏற்றிக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்துப் போனார்கள். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? அன்று சாயங்காலம் நீங்கள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து "சரியாப்பா?" என்று நீட்டினீர்கள். அம்மாவிடம் காட்டச் சொல்லிவிட்டேன்.

கமிட்டிக்குப் போகும் முன்னால் அந்த ஸ்பின்னிங்காரரிடம்தான் போக வேண்டும் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"எத்தனை வெறுஞ்சட்டி?"

"பதிமூணு."

"எனக்காக பதிமூணு வீட்டுல வெறுஞ்சட்டியக் கழுவிக் கவுத்திருக்காங்க."

"வெறுஞ்சட்டிய எதுக்குக் கழுவணும்?" என்றது உள்ளே இருந்து ஒரு குரல். அவர் வீட்டம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். "அண்ணே, அந்தக் கேன்டீன்ல எத்தனை அடுப்பு இருக்கு?"

"ஆறு இருக்கும்மா."

"ஒரு அடுப்புல ஓரமா ஒரு சின்னச் சட்டி வைக்க விடுவாங்களா? விட்டா, நானே வந்து சொல்லிக் குடுக்கேன். இவுக சொல்லமாட்டாக. வாயத் தொறந்து எனக்கு இது ஆகாதுன்னு ஒருத்தர்கிட்டச் சொன்னதில்ல."

எனக்குத் தோன்றாத வழி. பத்து வருஷத்துக்கு மேல் வண்டியைப் பற்றி யோசித்தேனே ஒழிய, அந்தச் சோற்றைப் பற்றி யோசிக்கவில்லை.

மறுநாள் செயலாளரிடம் எல்லாம் சொன்னேன். முப்பத்து எட்டை நாற்பதாக்கினதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உம்ம நம்பித்தானய்யா எண்ணச் சொன்னேன்."

"தப்புதான்யா."

"சரி, நெசமா எத்தனை?"

"இருபத்தேழுங்கய்யா. அதுல இருபத்தாறு பேருக்கு வண்டி பழக்கம். ஒருத்தருக்குத்தான் தேவை. அவர் கேன்டீன் சோத்தைத் தொந்தரவில்லாம ஒரு மாசம் சாப்பிடட்டும். அதுவரைக்கும் வண்டி வேணும்யா."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சம்மதித்தார். எனக்கு ஒரு மெமோவும் கொடுத்தார். அது உங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அம்மா மூன்று நாள் வந்தார்கள். கேன்டீன் மாஸ்டர் வத்திராயிருப்புக்காரர், கோபக்காரர். "முன்னூறு பேருக்கு வடிக்கிற எடத்துல ஒரு ஆளுக்கு உழக்குச் சோறா?" என்று கேட்டார். "உழக்கு எதுக்கு? அரை உழக்கு போதும்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா அடுப்போரத்தில் சட்டியை வைத்துவிட்டார்கள். முதல் வாரத்தில் மாஸ்டர் கைப்பழக்கத்தில் ஒரு பச்சைமிளகாயைக் கிள்ளிப் போட்டுவிட, ஸ்பின்னிங்காரர் ரெண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். அந்த ரெண்டு நாளும் மாஸ்டருக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்வி. மாதத்தை மறுபடி ஒன்றாம் நாளில் இருந்து எண்ணினோம். ஒருநாள் மத்தியானம் கையைக் கழுவிவிட்டு அவரே என் மேஜைக்கு வந்தார்.

"முப்பது நாள் ஆச்சு. நிறுத்திருங்க."

போர்டில் ஒட்டிவிட்டு இருந்துவிட மனசு வரவில்லை. வண்டி போகிற இருபத்தேழு வீட்டுக்கும், வெறுஞ்சட்டி வந்த பதிமூன்று வீட்டுக்கும் நேரில் போய், இன்ன தேதியோடு வண்டி வராது என்று சொன்னேன். பத்து நாள் ஆனது. சிலர் காப்பி கொடுத்தார்கள். ஒரு அம்மா "நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் "இனி பத்தரை மணிக்கு நான் எதுக்கு உலை வைக்கணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்கள்.

கடைசி நாள் ஸ்பின்னிங்காரருடைய கேரியர் வராது என்று நினைத்தேன். வந்தது. டிரைவருக்கென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திறந்தால் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, மிளகாய் மிதக்கிறது. அந்த வீட்டில் காரம் சமைத்தே எத்தனையோ வருஷம் இருக்கும். சேர்த்து வைத்ததையெல்லாம் அன்றைக்கே போட்டுவிட்டார்கள்போல. டிரைவர் சாப்பிட்டுவிட்டு மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்பக் காரமோ?" என்றார் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்த அந்த மனிதர்.

"காரம்தான்" என்றார் டிரைவர்.

மறுநாள் காலையில் வேனை ஆஸ்பத்திரி வேலைக்குக் கொடுக்க வேண்டும். ஷிப்டு முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு, மில் பின்பக்கக் குழாயில் நாலு வாளி தண்ணீர் பிடித்தேன். தட்டு இடுக்குகளில் ரசமும் சோற்றுப் பருக்கையும் காய்ந்து இறுகியிருந்தன. தேங்காய் நாரைப் புளிக்கரைசலில் தோய்த்து மூலை மூலையாகத் தேய்த்தேன். ரெண்டு கதவையும் திறந்துபோட்டுக் காயவிட்டேன். தரையில் கை வைத்துப் பார்த்து, ஈரம் இல்லை என்று ஆன பிறகுதான் கதவைச் சாத்தினேன்.