வாசிக்க வேண்டாம் என்று எழுதிய விண்ணப்பம்

என் மனைவி கிரேஸ் லீலாவின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்த்தர் என் ஜெபத்துக்குப் பதில் தந்தார் என்று நான் சாட்சி சொல்லும்போது, விரல்கள் மறுபடி முளைத்துவிட்டன என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். வருகிற மனுக்களைச் சரிபார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புவது என் வேலை. வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்துவிட்டு அழுதுகொண்டு வந்த எத்தனையோ பேரை, "ஏன்யா, கண்ணு எங்க போச்சு?" என்று ஏசி அனுப்பியிருக்கிறேன். அந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கே திரும்பி வரக் காத்திருந்தன.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த ஒரு ஜூன் மாதம். லீலாவுக்கு இரண்டு நாளாக வாந்தி, காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. எங்கள் ஊர் மேலகரத்திலிருந்து ஆட்டோவில் தென்காசிக்குக் கொண்டுபோய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். அருவிக்கு வந்து வழுக்கி விழுந்தவர்கள், கண்டதைத் தின்றவர்கள் என்று வரவேற்பறை முழுக்கக் கூட்டம். கவுண்டரில் இருந்த பெண் ஐந்து பக்கப் படிவம் ஒன்றை நீட்டினாள்.

"சார், பென்சில்ல டிக் அடிச்ச எடத்துல எல்லாம் கையெழுத்துப் போடுங்க. பெட்டு ஒண்ணுதான் இருக்கு. பெறவு கெடைக்காது."

கோடிட்ட இடங்கள் எல்லாம் காலியாக இருந்தன. ஐந்து இடத்திலும் போட்டேன். சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த லீலா, அந்த நிலையிலும் கேட்டாள்.

"படிச்சுப் பாத்தீங்களா?"

"படிச்சேன்" என்றேன்.

ரத்த அழுத்தம் இறங்கியிருந்ததால் ட்ரிப்பில் வீரியமான மருந்தொன்றைச் சேர்த்தார்கள். ஊசி விலகி, மருந்து சதைக்குள் இறங்கியது. கை வீங்கிற்று. எரிகிறது என்று அவள் சொன்னாள். நான் மூன்று முறை போய்ச் சொன்னேன். மூன்று முறையும் ஐஸ் வைக்கச் சொன்னார்கள். மாலையில் விரல் நுனிகள் கறுத்த பிறகுதான் டாக்டர் வந்து பார்த்தார். பார்த்ததும் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்தார்கள். மற்ற மூன்றும் மடங்காமல் விறைத்துக்கொண்டன. சேலைக் கொசுவத்தைக்கூட நான்தான் மடித்துக் கொடுக்க வேண்டும். அதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்று ஏச்சு வாங்குவேன்.

நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டேன். வக்கீல் வைக்கவில்லை. நடைமுறை தெரிந்தவனுக்கு வக்கீல் எதற்கு என்கிற மமதை. நோட்டீஸ், ஒப்புகை அட்டை, ஆவணப் பட்டியல் எல்லாம் சுத்தமாக இருந்தன. பிரமாணப் பத்திரத்தில் மட்டும் ஒரு வரி பொய். "எனக்கு எந்த விளக்கமும் தரப்படவில்லை, நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை." முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை ஏன் எழுதினேன்? சிரஸ்தார் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார் என்று பதிவாவதை என் மானம் பொறுக்கவில்லை. 'படிச்சேன்' என்று அவளிடம் சொன்ன பொய்யையும் அது மூடிவைத்தது. பத்திரத்தை அவளுக்குக் காட்டவில்லை.

மருத்துவமனையின் பதிலுரை வந்தது. "ஊசி மருந்தினால் விரல் இழப்புவரை நேரக்கூடும் என்பது கணவருக்கு விளக்கப்பட்டு, அவரது சம்மதக் கையொப்பம் பெறப்பட்டுள்ளது. அசல் படிவம் அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்யப்படும்."

காலி இடங்களை நிரப்பிவிட்டார்கள்.

கையெழுத்தை ஒத்துக்கொண்டால் பொய்ச் சத்தியம் செய்தவன். ஒத்துக்கொள்ளாவிட்டால் என் கையெழுத்தே என்னைக் காட்டிக்கொடுக்கும். வழக்கை வாபஸ் வாங்கலாம் என்றால் லீலாவிடம் காரணம் சொல்ல வேண்டும். விறைத்த விரல்களை மடக்க இன்னொரு ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு அந்த நஷ்டஈட்டைத்தான் நம்பியிருந்தோம். எந்தக் கதவு எந்த அறைக்குப் போகும் என்று தெரிந்தவன் நான். எல்லாக் கதவுக்கும் பூட்டுப் போட்டவனும் நானே. அவள் இடது கையால் சோற்றைப் பிசையும்போது எதிரே உட்கார முடியாமல் எழுந்து போய்விடுவேன்.

எங்கள் சபையில் ஜெப விண்ணப்பப் பெட்டி உண்டு. சீட்டில் இரண்டு வரி எழுதிப் போட்டால் உபதேசியார் ஞாயிறு ஆராதனையில் வாசித்து ஜெபிப்பார். இரகசியமானதென்றால் சீட்டின் வெளியே "வாசிக்க வேண்டாம்" என்று எழுதிவிடுவார்கள். அவர் பிரிக்காமலே ஜெபித்துவிடுவார். எனக்கு இரண்டு வரி எழுதிப் பழக்கமில்லை. ஒரு முழுத்தாளில் பொருள் எழுதி, நடந்ததை வரிசையாக எழுதி, கையெழுத்திட்டதையும் பொய் சொன்னதையும் ஒளிக்காமல் எழுதினேன். முடிவில் பரிகாரம் கேட்டேன்: "அந்த அசல் படிவம் தொலைந்துபோகும்படி கிருபை செய்ய வேண்டுகிறேன்." கரையான் தின்ற வழக்குக் கட்டுகளை எத்தனையோ பார்த்தவன் நான். கர்த்தருக்கு ஒரு கரையான் கிடைக்காதா என்று நினைத்தேன். கீழே ஒப்பமிட்டேன். ஒப்பத்துக்குக் கீழே, முறைப்படி குறிப்பு எழுத வேண்டிய இடத்தில், "குறிப்பு: வாசிக்க வேண்டாம்" என்று எழுதி மடித்துப் போட்டேன்.

உபதேசியார் கண்ணும் கருத்துமான மனிதர். மேலிருந்து கீழ்வரை நிறுத்தி நிதானமாக வாசித்தார். குறிப்பையும் சேர்த்து வாசித்த பிறகுதான் நின்றார். பெண்கள் வரிசையில் லீலா திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே உபதேசியார் ஓடிவந்தார். "அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. நான் பாட்டுக்கு வாசிச்சிட்டு வாரேன், கடைசியில பாத்தா வாசிக்க வேண்டாம்னு போட்டிருக்கு. அத வெளிய எழுதாண்டாமா?"

நான் ஆயிரம் மனுக்களில் கண்டுபிடித்த குறையை அவர் என் மனுவில் கண்டுபிடித்துவிட்டார்.

லீலா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"அன்னைக்குப் படிச்சேன்னு ஏங்கிட்ட ஏன் சொன்னீங்க?"

"நீ பயந்துருவேன்னு."

"பொய். நான் சிரிச்சிருவேன்னு."

பிறகு சொன்னாள்: "சிரஸ்தார் படிக்காமக் கையெழுத்துப் போட்டாருன்னு சபைக்கே தெரிஞ்சு போச்சு. இனி அந்த ஆணையத்துக்கு மட்டும் எதுக்கு ஒளிக்கீங்க? போயி சொல்லுங்க. வந்தா வருது, போனா போகுது."

அன்றே உட்கார்ந்து கூடுதல் பிரமாணப் பத்திரம் எழுதினேன். முந்தையது பொய் என்று முதல் வரியிலேயே எழுதினேன். முழங்காலில் நின்று, "என்ன வந்தாலும் வரட்டும் ஆண்டவரே, இனி உம்மிடம் எதையும் தொலைக்கச் சொல்ல மாட்டேன்" என்றேன். அந்த ஆண்டில் நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் அதுதான்.

மறுநாள் பிற்பகல் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் ஸ்டெல்லா. கடையநல்லூரில் ஒரு கிளினிக்கில் வேலை. தங்கை வீட்டுக்கு வந்தவள், ஞாயிறன்று எங்கள் கோயிலில் கடைசி பெஞ்சில் இருந்திருக்கிறாள்.

"சார், அந்த ஃபாரத்த எழுதுனது நாந்தான்" என்றாள்.

லீலா அவளை உட்காரச் சொன்னாள். நான் கேட்டேன், "எப்ப எழுதுன?"

"அம்மாவ ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்புன பெறவு. அப்ப நான் அங்கதான் நர்ஸு. மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதுனேன். அங்கன எல்லாருக்கும் அப்படித்தான் சார், கையெழுத்து முன்னால, எழுத்து பின்னால. மனசு கேக்கல, அடுத்த மாசமே நின்னுட்டேன்."

"இத அங்க வந்து சொல்லுவியா?"

"பயமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு லீலாவின் கையைப் பார்த்தாள். "வாரேன் சார்."

விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் என் கூடுதல் பத்திரத்தைப் படித்துவிட்டு, "முப்பது வருஷம் கோர்ட்டுல இருந்தவரு, வெத்துத்தாள்ல கையெழுத்துப் போட்டாராம்" என்று சிரித்தார். நான் தலைகுனிந்து, ஆமாம் என்றேன். ஆணையத் தலைவர் ஏன் என்று கேட்டார். "அவளுக்கு ஒரு படுக்கை வேண்டியிருந்தது" என்றேன். வக்கீல் உற்சாகமாக அசல் படிவத்தைத் தாக்கல் செய்தார். ஸ்டெல்லா கூண்டில் நின்று, அது தன் எழுத்து என்றும், எப்போது யார் சொல்லி எழுதினாள் என்றும் சொன்னாள். அங்கேயே எழுதிக்காட்டச் சொன்னார்கள். எழுதிக்காட்டினாள். வக்கீல் அதன்பின் சிரிக்கவில்லை.

தொலைந்துபோகட்டும் என்று நான் வேண்டிய காகிதமே எங்கள் பக்கத்துச் சாட்சியாயிற்று. அது மட்டும் தொலைந்திருந்தால், பொய்யும் பொய்யும் எதிரெதிரே நின்றிருக்கும். கர்த்தர் என் மனுவைத் தள்ளுபடி செய்தார். நான் கேட்கவே கேட்காத பரிகாரத்தைக் கொடுத்தார்.

சேவைக் குறைபாடு நிரூபிக்கப்பட்டது என்று உத்தரவு வந்தது. என் முதல் பத்திரத்தின் பொய்யைக் கண்டித்து அதில் ஒரு பத்தி இருக்கிறது. அதையும் லீலாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். மேல்முறையீட்டுக் கெடு முடியும்வரை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மருத்துவமனைக்காரர்கள் போகவில்லை, நஷ்டஈட்டைச் செலுத்திவிட்டார்கள். ஆபரேஷன் நடந்தது. மூன்று விரல்களில் இரண்டு மடங்குகின்றன. கொசுவத்தை அவளே மடித்துக்கொள்கிறாள்.

இப்போது அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரிப் படிவங்களோடு என்னிடம் வருகிறார்கள். உதவுகிறேன், ஏசுவதில்லை. இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, நீங்களும் எங்காவது சிக்கிக்கொண்டிருக்கலாம். அடுத்தவர் செய்த தப்பை ஆண்டவரிடம் விவரமாகச் சொல்லிவிட்டு, நம்முடையதை மட்டும் மறைத்துத் தரும்படி கேட்காதிருப்போம். அவரை நம்பி முழுவதையும் சொல்லுங்கள். வெளியே வந்துவிடக் கூடாது என்று நான் பயந்த, கையெழுத்திட்டேன் என்கிற அந்த ஒரு வரியின் வழியாகத்தான் எனக்கு உதவி வந்தது.