என்னை மேற்கோள் காட்டிய மூன்றாம் அத்தியாயம்

"சேர், இந்த ஆய்வாளரை எங்க பிடிக்கலாம்?" என்று பல்கலைக்கழக நூலகத்தில் பஸ்மிலா நீட்டிய தாளில் என் பெயர் இருந்தது. மாணவர்களுக்கு நான் வெறும் 'நூலக சேர்'; பெயர் தெரியாது.

நிலாவெளிக்குப் பக்கத்து இறக்கக்கண்டிப் பிள்ளை, இறுதியாண்டு மாணவி. கரையில் நின்று இழுக்கும் கரைவலைத் தொழில் பற்றி ஆய்வேடு எழுதியிருந்தாள். அதன் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரியை விரிவுரையாளர் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். "நாலு மணிக்குள்ள ஆதாரத்தைக் காட்டாட்டி ஏற்க ஏலாதாம் சேர். பிறகு அடுத்த வருசம்தான்."

வட்டத்துக்குள் இருந்தது இது: 'நிலாவெளியில் கரைவலையின் நீளம், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மனைவி கூப்பிடும் குரல் கேட்கும் தூரத்தைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது.'

அந்த வரி நான் எழுதியதுதான். ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு மலரில் இரண்டு பக்கம் காலியாகக் கிடக்கிறது, ஏதாவது தாருங்கள் என்று கேட்டார்கள். சும்மா சிரிக்கட்டும் என்று பகிடிக்கு எழுதிக் கொடுத்தேன். எடுப்பாக இருக்கட்டும் என்று ஐந்து அடிக்குறிப்பும் போட்டேன். ஐந்தும் சொந்தத் தயாரிப்பு.

"பிள்ளை, அது பகிடிக் கட்டுரை."

"உசாத்துணை அலுமாரிக்குள்ள இருந்துதானே சேர் எடுத்தனான்?"

ஓம். அச்சில் பெயர் வந்த சந்தோசப் புளுகத்தில், நூலகரான நானே எண் ஒட்டி அங்கே வைத்திருந்தேன்.

"அடிக்குறிப்பு இருந்தா ஆய்வுக் கட்டுரை, இல்லாட்டி சனரஞ்சகம் எண்டு நூலகப் பயிற்சி முதல் வகுப்பில சொன்னதும் நீங்கள்தானே?"

அதுவும் நான்தான். பிள்ளை ஒரு பிழையும் விடவில்லை.

"வாப்பா முப்பது வருசமா வலை இழுக்கிறவர். அப்பிடி ஒரு அளவு இல்லை மகள் எண்டவர். உங்களுக்கு என்ன தெரியும் எண்டு நான் சத்தம் போட்டனான்."

இதைக் கேட்டபின் என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. கடற்றொழில் ஆய்விதழ்களை இறக்கினோம். ஒன்றில், மூன்று கரைகளில் வலைகளை அளந்தே எழுதிய கட்டுரை கிடைத்தது. வாப்பா சொன்னதும் அதுவும் ஒத்துப்போயின. மூன்றரைக்கு அவளோடு நானும் போய் விரிவுரையாளர் முன் நின்றேன்.

"மிஸ், அந்த ஆய்வாளர் நான்தான். பிள்ளையில பிழை இல்லை."

அவர் சிவப்புப் பேனையை மூடி வைத்தார். "வேற என்னென்ன எழுதி வைச்சிருக்கிறீங்கள்?" என்றார். பிறகு, அத்தியாயத்தைத் திருத்த அவளுக்கு ஒரு கிழமை அவகாசம் கொடுத்தார்.

இப்போது முதல் வகுப்பில் ஒன்றுதான் சொல்கிறேன்: எழுதியவரைத் தவிர, துறை தெரிந்த யார் இதை அச்சுக்கு முன் சோதித்தார் என்று தேடுங்கள். என் கட்டுரையைச் சோதித்தவர் ஒரே ஒருவர், நான். வாசித்து, நன்றாகச் சிரித்து, அப்படியே அச்சுக்கு விட்டுவிட்டேன்.