பின்னால் நீட்டிய விரல்

அந்தத் தியேட்டரில் அவளுக்குப் பெயர் டார்ச்சக்கா. அறுபதை நெருங்கியவள். படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களை டார்ச் அடித்து இருக்கைக்குக் கூட்டிப் போவது அவள் வேலை. வெளிச்சம் தரையில்தான் விழ வேண்டும், யார் முகத்திலும் படக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். இருட்டில் யார் தோளில் யார் சாய்ந்திருக்கிறார் என்பதெல்லாம் தியேட்டர் தலையிட வேண்டிய விஷயம் இல்லையாம்.

அதனால் பாதி ஆயுசைச் சினிமாத் தியேட்டரில் கழித்தும் அவள் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கால்கள்தான். படியில் தடுமாறும் கால், குடித்துவிட்டு வரும் கால், வேண்டாவெறுப்பாகக் கணவன் பின்னால் வரும் கால். போகப்போகப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். "செத்தவன் நடந்து வந்தாக்கூட அக்கா யாருன்னு சொல்லிடும்" என்று புரொஜெக்டர் ஓட்டும் ஆபரேட்டர் கிண்டல் செய்வான். அவளும் சிரிப்பாள்.

அந்தப் பழைய படத்தின் போஸ்டரை வாசலில் ஒட்டிய அன்று அவள் சிரிக்கவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், அடுத்த வாரம் மட்டும் எனக்கு லீவு வேணும்."

"அடுத்த வாரமா? நல்லா கேட்டீங்க போங்க. ஸ்கூல் பிள்ளைங்க பூரா மேட்னிக்கு வர்றாங்க. இருட்டுல விழுந்து வாரினா யாரு பதில் சொல்றது?"

"வேற யாரையாவது போட்டுக்குங்க சார்."

"என்னம்மா இது, உங்க அப்பாவோட கதை! மத்தவங்களா இருந்தா முதல் வரிசையில போய் உக்காருவாங்க. நீங்க பெருமைப்படணும்."

பெருமையாம்! அவளுடைய அப்பாவைத் தூக்கில் போட்ட ஊர் அது. போட்டுவிட்டு, தப்பு நடந்துவிட்டது என்று நாவல் எழுதி, பரிசு வாங்கி, அந்த நாவலைப் படமாக எடுத்து, அதற்கும் பரிசு வாங்கி, இப்போது பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டுகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதற்குத்தான் பொருந்தும்.

அவள் சிறுமியாக இருந்தபோது அந்த ஊரில் நடைபாதை வெளுத்த நிறத்தவர்களுக்கு மட்டும். அவளுடைய ஜனங்கள் கறுத்தவர்கள். அவர்கள் நடைபாதைக்கும் சாக்கடைக்கும் நடுவே இருந்த கல் விளிம்பில் போக வேண்டும். ஒரு ஆள் அகலம்தான் அந்த விளிம்பு. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக் கைபிடித்து நடத்திப்போக முடியாது. அப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முன்னால் நடந்தபடி இடது கையை முதுகுப் பக்கம் கொண்டுவந்து ஆள்காட்டி விரலை நீட்டுவார். அவள் பின்னாலிருந்து அதைப் பிடித்துக்கொள்வாள். எதிரே வெளுத்த ஆள் வந்தால் விரல் மடங்கும், அவள் விளிம்பிலிருந்து இறங்கி நிற்பாள். ஆள் போனதும் விரல் நிமிரும்.

இதனால் அப்பாவின் முகத்தைவிட முதுகுதான் அவளுக்கு அதிகம் பழக்கம். கழுத்து மடிப்பு, சட்டையில் வியர்வை படர்ந்த இடம், எல்லாம் தெரியும். ஆலையில் அடிபட்டு வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டதால் ஒரு அடியை அழுத்தி வைப்பார், அடுத்த அடியை இழுப்பார்.

பிறகு அந்த ஆலை எரிந்தது. எரித்தவன் முதலாளியின் சொந்த மருமகன் என்பது காலம் கடந்து ஊருக்கே தெரியவந்தது. அன்றைக்கு அகப்பட்டவர் அப்பா. தெருவில் வைத்து அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கயிற்றால் கட்டி இழுத்துப் போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கட்டிய கையிலிருந்து அந்த விரலை மட்டும் நீட்டினார். இரண்டு எட்டு வைத்தால் பிடித்திருக்கலாம். ஏழு வயது, தடியும் பூட்சும் கூச்சலும், பயத்தில் அவள் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். தெருமுனை திரும்பும் வரை விரல் நீட்டியபடியே இருந்தது. அதன் பிறகு அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. விரலைப் பிடிக்காமல் விட்டதை அம்மாவிடம்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

படத்தில் கதாநாயகன் அப்பா இல்லை, அவருக்காக வாதாடிய வெளுத்த வக்கீல். அப்பாவுக்கு மொத்தமே நாலு வசனம்தானாம். அந்த வேஷத்துக்கும் ஒரு வெளுத்த நடிகனைப் பிடித்துக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். அந்த ஊரில் கறுத்த ஆளுக்கா பஞ்சம்?

வீட்டில் அப்பாவின் போட்டோ ஒன்றும் இல்லை. அம்மா ஒரு பத்திரிகையிலிருந்து அந்த நடிகனின் படத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டினாள். "சும்மா ஒரு அடையாளத்துக்குடி" என்றாள். பிறகு தினமும் அதைத் துடைத்தாள். பிறகு அதோடு பேசத் தொடங்கினாள். படுக்கையில் விழுந்த காலத்தில் ஒருநாள், "இவருக்குக் காதுகிட்ட மச்சம் இருந்துச்சே, எங்க போச்சு?" என்று கேட்டாள்.

"அம்மா, இது நடிகரும்மா."

"போடி, என் புருஷனை எனக்குத் தெரியாதா?"

அம்மா போன பிறகும் அந்த முகம் விடவில்லை. கனவில் அப்பா வந்தால் நடிகனின் முகத்தோடுதான் வந்தார், கழுத்தோரம் சாயம் வழிந்தபடி. சொந்த முகம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. மிச்சம் இருந்தது முதுகும் விரலும்தான். படத்தைப் பார்த்தால் அதுவும் போய்விடும் என்று அவள் பயந்தாள். லீவு கேட்டது அதற்குத்தான்.

லீவு கிடைக்கவில்லை. சரி, தரையைப் பார்த்தே பிழைத்தவளுக்கு ஒரு வாரம் தலையைக் குனிந்திருப்பது பெரிய காரியமா என்று போனாள். முதல் மேட்னியில் பிள்ளைகளை உட்கார வைத்தாகிவிட்டது. வக்கீல் பேசிக்கொண்டே இருந்தார். இடைவேளை முடிந்து தாமதமாக உள்ளே திரும்பிய ஒரு வயதான தம்பதியை அவள் நடுப்பாதையில் கூட்டிப் போய்க்கொண்டிருந்தபோது, திரையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஒரு அடி அழுத்தம். ஒரு அடி இழுவை.

அது என்ன காட்சி என்று அவளுக்குத் தெரியும். கைதியைத் தெருவில் கட்டி இழுத்துப் போகும் காட்சி. நடிகனுக்கு அந்த நடை வரவில்லை என்று, முதுகுப் பக்கம் மட்டும் தெரியும்படி அப்பாவின் தம்பியை டூப்பாக நடக்கவிட்டார்கள். "அந்த முதுகு என்னோடது" என்று சித்தப்பா சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் ஊரில் ஓசி டீ குடித்திருக்கிறார். ஆனால் சித்தப்பாவுக்கு இரண்டு காலும் ஒரே நீளம். அவர் இழுத்தால் அது நடிப்பாகத்தான் கேட்கும். இது நடிப்பில்லை.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

கழுத்து மடிப்பு தெரிந்தது. வியர்வை அதே இடத்தில் படர்ந்திருந்தது. கைகள் பின்னால் கட்டியிருந்தன. இடது கையின் ஆள்காட்டி விரல் நீண்டிருந்தது. அவருக்குப் பின்னால் தெரு காலியாகக் கிடந்தது.

டார்ச் கைநழுவி விழுந்து, பாதை நெடுக உருண்டு போனது. வயதான தம்பதி இருட்டில் நின்று "ஏம்மா, ஏம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை சைக்கிள் கடை மாடியிலிருந்த சித்தப்பாவின் அறைக்குப் போனாள்.

"சித்தப்பா, அந்த சீன்ல விரலை எதுக்கு நீட்டினீங்க?"

"எந்த விரல்?"

"இடது கை விரல். உங்களுக்கு யாரு சொன்னா அதை?"

சித்தப்பா அவளையே பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் நடக்கலம்மா."

"என்ன சொல்றீங்க?"

"கயிறைக் கட்டினதும் எனக்கு மூச்சே வரல. அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு. அவுத்து விடுங்கடான்னு கத்திட்டு ஓடிப் போய் லாரிக்குப் பின்னால வாந்தி எடுத்துட்டு உக்காந்துட்டேன். நல்லா திட்டப் போறாங்கன்னு சாயங்காலமா திரும்பிப் போறேன், டைரக்டர் ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஒரே டேக்குல முடிச்சிட்டீங்க, எல்லாரும் அழுதுட்டோம்னாரு."

"அப்ப நடந்தது யாரு?"

"அதை நான் யார்கிட்டயும் கேக்கல. கேக்கப் பயமா இருந்துச்சு. நான்தான்னு சொல்லிக்கிட்டா பயம் கொஞ்சம் குறையும். அதனால சொல்லிக்கிட்டே இருந்துட்டேன். படத்தை இன்னிக்கு வரைக்கும் பார்க்கல." அவள் பக்கம் குனிந்து கேட்டார்: "முகம் தெரியுதாம்மா?"

"இல்ல சித்தப்பா. திரும்பவே மாட்டேங்கிறாரு."

"திரும்பினா அடிப்பாங்கல்ல" என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சியிலும் அந்த இடம் வரும்போது அவள் பின்சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். முதலில் நடை சீக்கிரம் முடிந்துவிடும். நாளாக ஆகத் தெரு நீண்டுகொண்டே போவதுபோல இருந்தது. தன் கண்ணைத்தான் அவள் சந்தேகப்பட்டாள். ஆனால் இடைவேளையில் ஆபரேட்டரே இறங்கி வந்து தலையைச் சொறிந்தான்.

"அந்த ரீல் மட்டும் ஷோவுக்கு ஷோ கொஞ்சம் கூட ஓடுதுக்கா. மிஷினைப் பிரிச்சுப் பார்த்துட்டேன், ஒரு கோளாறும் இல்ல."

கோளாறு இல்லை. அவர் மெதுவாக நடக்கிறார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று காத்துக் காத்து நடக்கிறார். விரல் நீண்டபடியே இருக்கிறது.

"இன்னும் எத்தனை நாள் ஓடும் இந்தப் படம்?"

"எங்க ஓடுது? இன்னிக்கு மேட்னியோட சரி. சாயங்காலம் படப்பெட்டி திரும்பிப் போகுது."

அவள் தண்ணீர் குடித்தாள். முகத்தைக் கழுவினாள். ஏழு வயதில் இருந்த அதே பயம், கொஞ்சமும் குறையாமல் இருந்தது. இத்தனை வயதாகியும் இது போகாதா என்று தன்மீதே கோபம் வந்தது.

இடைவேளை முடிந்து விளக்குகள் அணைந்தன. கோர்ட், வக்கீலின் வீடு, மறுபடியும் வக்கீல். சாட்சி ஒருவன் ஆலை எரிந்ததை விவரிக்கத் தொடங்கினான், பழைய நாள் திரையில் விரிந்தது. தெரு வந்தது. அந்த நடை கேட்டது.

வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம், "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று டார்ச்சைக் கொடுத்தாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் காட்சி நேரத்தில் அது அவள் கையை விட்டுப் போனது இல்லை. நடுப்பாதையில் இறங்கினாள். தலை நிமிர்ந்திருந்தது. படி எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. அவர் அழுத்திய அடிக்கு ஒரு அடி, இழுத்த அடிக்கு ஒரு அடி. பின்வரிசையில் பிள்ளைகளின் கிசுகிசுப்பு நின்றது. "ஏங்க, மறைக்குது" என்று யாரோ சொன்னார்கள். திரையை நெருங்க நெருங்க முதுகு பெரிதாகி, கடைசியில் வெறும் வெளிச்சமும் நிழலுமாகக் கலைந்தது. விரல் மட்டும் கலையவில்லை.

கால் ஒரு நொடி நின்றது. ஒளிந்துகொள்ள அம்மா இல்லை. அவள் கையை நீட்டினாள்.

திரைத்துணி சொரசொரப்பாகத் தூசியோடு இருந்திருக்க வேண்டும். அவள் கைக்குள் அகப்பட்டது துணி இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது, கணுவில் காய்ப்பு இருந்தது. அது ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.

காட்சி மாறி வக்கீல் வந்துவிட்டார். அவள் இருட்டிலேயே வாசலுக்குத் திரும்பி வந்து டார்ச்சை வாங்கிக்கொண்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை.

படம் முடிந்து பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வெளியே போனார்கள். கடைசியாக வந்த டீச்சர் அவளருகே நின்றார். யார் எதைக் கேட்டாலும் மேனேஜர் டார்ச்சக்காவைத்தான் காட்டுவார்.

"ஒரு சந்தேகம்மா. இந்த நாவலை நான் வருஷா வருஷம் பாடம் நடத்துறேன். அவரைத் தெருவுல கட்டிக் கூட்டிட்டுப் போறப்ப, அவர் விரலைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே ஒரு சின்னப் பொண்ணு போகுதே, அது யாரு? நாவல்ல அப்படி ஒரு பொண்ணே கிடையாதே?"

"அவரோட பொண்ணுதாம்மா" என்றாள் டார்ச்சக்கா. "லேட்டா வந்துச்சு."