காகம் கொண்டுபோன ஈரல்

வகுப்பில் படிப்பிக்கும்போது நான் ஆமையை ஊர்வனவற்றோடுதான் சேர்த்தேன். செதில், நுரையீரல், முட்டை. அதோடு பாடம் சரி. உப்புவெளிக் கடற்கரையில் அந்தப் பிரிவு ஒன்றுக்கும் உதவாது. மொட்டை மூக்கும் விளிம்போடு விளிம்பு பொருந்திய ஓட்டுத் தகடுகளும் இருந்தால் பேராமை, அதைச் சமைக்கலாம். கிளி மூக்கும் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தகடுகளும் இருந்தால் அழுங்காமை. அதன் இறைச்சி சிலவேளை ஆளையே கொன்றுபோடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வலையில் பிடிபட்ட ஆமையில் தன் பங்கை அவள் புருஷன் கொண்டுவந்திருந்தான். தலையும் இல்லை, ஓடும் இல்லை. கரையிலேயே வெட்டிப் பிரித்தாயிற்று. வெறும் சதையைப் பார்த்து யாரால் வகை சொல்ல முடியும்?

“என்ன ஆமை?” என்று கேட்டேன்.

“பேராமை எண்டுதான் சொன்னவங்கள். ஈரலை வேலியிலை வச்சனான் மச்சாள், காகம் தூக்கிக்கொண்டு போட்டுது. பயப்பிடாதேங்கோ.”

நஞ்சு ஈரலைக் காகம் தொடாது என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. காகத்துக்கு என்ன மண்ணாங்கட்டி தெரியும்! தூக்கிக்கொண்டு போனதைத்தான் அவன் கண்டான். தின்றதை ஒருவரும் காணவில்லை. மூவரும் சாப்பிட்டோம். தங்கச்சியிடம் கைக்குழந்தை இருந்தது. பால் ஊறட்டும் என்று அவளுக்கு இன்னோர் அகப்பை போட்டான்.

மறுநாள் எங்கள் நாக்கு வெந்து வெள்ளை படிந்தது. வாந்தி நிற்கவில்லை. பெரியாட்கள் நாங்கள் எப்படியோ தாங்கினோம், குழந்தைதான் துவண்டுபோனான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

“பிள்ளைக்கும் ஆமை இறைச்சி குடுத்தனீங்களோ?” என்று டாக்குத்தர் கேட்டார்.

“ஐயோ, பல்லே முளைக்காத பிள்ளை ஐயா!” என்றேன்.

“தாய்ப்பால்?”

தங்கச்சி ஓம் என்று தலையாட்டினாள். “அந்த நஞ்சு பாலிலையும் இறங்கும்” என்று அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வந்த பிறகும் பால் சுரப்பது நிற்கவில்லை. மார்பு கட்டிக்கொண்டு தங்கச்சி வலியில் துடித்தாள். பால் வற்றட்டும் என்று மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“அவன் வேண்டாமெண்டு அழுது அழுது முகத்தைத் திருப்பினவன் அக்கா. நான்தான் விடாமல் பிடிச்சுப் பிடிச்சுக் குடுத்தனான்.”