ஏன் திரும்பி வந்தேன் என்று கேட்டவர்கள்

குருமடத்தை விட்டு நான் வீட்டுக்கு வந்தது விடுமுறைக் காலத்தில். அதனால் முதலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. சாமியாராவதற்குப் படிக்கப் போனதிலிருந்தே ஊரில் எல்லோரும் என்னைப் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைக் குளிப்பாட்டி வளர்த்த அத்தைகூட அப்படித்தான். விடுமுறை முடிந்தும் நான் கிளம்பாதபோதுதான் கேள்விகள் ஆரம்பித்தன.

அம்மாவிடம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பங்குச் சாமியாரிடம், எனக்கு இறையழைத்தல் இல்லையோ என்று தோன்றுவதாகச் சொன்னேன். கூடப் படித்தவர்களிடம் சாப்பாட்டைக் குறை சொல்லிச் சிரித்தேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் எதைச் சொல்லி முடித்தாலும், இது இல்லை என்று உள்ளே ஏதோ முரண்டு பிடித்தது. ஒருவரிடம் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போய்விடுமே என்ற பயம் வேறு. அம்மா காலைப் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

விராலிமலையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை கிடைத்தது. அங்கே யாருக்கும் என் கதை தெரியாது. ஷிப்ட் முடிந்து பஸ் வர நேரமிருந்தால் கூட வேலை பார்க்கும் ஒருவரோடு டீ குடிப்பேன். கவர் கிழிந்த ஒரு கட்டுரைப் புத்தகத்தை அவர்தான் கொடுத்தார். "எம் பொண்டாட்டி படிச்சிட்டு ரெண்டு நாளா பேசிக்கிட்டே இருந்தா. நமக்கு ஓடல. நீங்க பாருங்க."

எழுதியவர் நர்ஸ் வேலையைப் பாதியில் விட்ட ஒரு பெண். வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சலித்துப்போனதைப் பற்றி ஒரு கட்டுரை. கடைசியில், எனக்கே தெரியவில்லை என்று சொல்லப் பழகினாராம். காரணம் தெரியாமலும் ஒருவர் சரியாக வாழ முடியும் என்கிற மாதிரி எழுதியிருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பத் திரும்பப் படித்தேன். நிம்மதியாக இருந்தது. அப்புறம், இதுவும் ஒரு சாக்குத்தானோ என்று குழப்பமாகவும் இருந்தது.

கொஞ்ச நாளில் மாமா புது வீடு கட்டி, அதை மந்திரிக்கச் சாமியாரைக் கூப்பிட்டிருந்தார். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும் பந்தி போட்டார்கள். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த மாமா சத்தமாகவே கேட்டார்.

"மாப்ள, உண்மையச் சொல்லு. எதுக்கு வந்துட்ட?"

அந்தப் பந்தியில் இருந்தவர்களில் ஆளுக்கொரு பதில் வாங்கியவர்கள் பலர். எதைச் சொன்னாலும் ஒருவருக்குப் பொய்யாகப் போகும். கை சோற்றிலேயே நின்றது.

"தெரியல மாமா."

"தெரியலன்னா?"

"நெசமாவே தெரியல. அங்க இருக்க முடியல. ஏன்னு எனக்கே புரியல."

மாமா என்னையே பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்து, "இங்கிட்டு ரசம் கொண்டாங்க" என்றார். அவ்வளவுதான். காது சூடேற, சோற்றைப் பிசையத் தொடங்கினேன். இதுதான் தைரியமா என்று கேட்டால் அதுவும் தெரியாது.

வண்டியில் திரும்பும்போது பின்னால் இருந்த அம்மா தோளைத் தட்டி ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"இதை மொதல்லயே சொன்னா என்னடா? ஒன்னைய அங்க யாரும் எதுவும் பண்ணிட்டாங்களோ, நீ எதுவும் பண்ணிட்டு வந்துட்டியோன்னு நான் தூங்கலடா."

"அப்படி ஒண்ணுமில்லம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா ரோட்டோரத்தில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஊருக்குப் பயந்துகொண்டிருக்க, அவர் வேறு எதற்கோ பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த வருஷம் புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவுக்கு அந்த எழுத்தாளர் பேச வந்தார். லீவு போட்டுப் போனேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ஏன் நர்ஸ் வேலையை விட்டீர்கள் என்று கேட்டார். எழுத்தாளர் தயங்கவே இல்லை. தன் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார், பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையெழுத்து வாங்கும் வரிசையில் என் முறை வந்ததும் கேட்டே விட்டேன்.

"காரணம் தெரியலன்னு எழுதியிருந்தீங்களே?"

"எழுதுறப்போ தெரியலைங்க. இப்ப இதுதான்னு தோணுது. அடுத்த வருஷம் கேட்டா வேற சொன்னாலும் சொல்வேன்" என்று சிரித்தார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நகர்ந்துவிட்டேன்.

அவர் என்னை ஏமாற்றிவிட்டாரா, இல்லை எனக்கும் ஒருநாள் தெரியவரும் என்கிறாரா? இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் யாராவது கேட்டால் தெரியாது என்றுதான் சொல்கிறேன். குரல் இறங்குவதில்லை.

குருமடத்து மாலை ஜெபப் பாட்டு சில நாள் வாயில் தானாக வரும். போன வாரம் அப்படி முணுமுணுத்துக்கொண்டு துணி மடித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"திரும்பப் போகணும்னு இருக்காடா?"

"சில நாள் இருக்கும்மா. சில நாள் இல்ல."

"சரி. இருந்தா சொல்லு" என்றுவிட்டு, பொங்கி வந்த பாலை இறக்கப் போனார்.